மூன்றாவது ரீடிங்

"ஆறாங் கிளாஸ் படிக்கற புள்ளைக்குப் பிரஷருங்கறீங்க. அதுக்கென்ன மாமியா கொடுமையாங்க சிஸ்டர்?"

கோபிநாத் கேட்டதும், எருத்தேன்பதி ஆரோக்கிய கேந்திரத்தில் டோக்கனோடு காத்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். நர்ஸ் ஷீனா சிரிக்கவில்லை. பள்ளிக்கூட முகாமில் பார்த்தபோது கோபிநாத்தின் மகள் அனுப்பிரியாவுக்குப் பிரஷர் நூற்றி முப்பத்திநான்கு. இன்று ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, சின்னக் கைக்கென்று இருக்கும் சின்னப் பட்டையைச் சுற்றிப் பார்த்தும் நூற்றி முப்பத்திரண்டு. பதினோரு வயதுக்கு அது அதிகம்.

ஷீனா பொறுமையாகச் சொன்னாள். இரண்டு வாரம் கழித்து மூன்றாம் தடவை பார்க்க வேண்டும். அப்போதும் கூடுதலாக இருந்தால் ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போய்க் கிட்னியை ஸ்கேன் எடுக்க வேண்டும். குழந்தைகளுக்குப் பிரஷர் என்றால் பல சமயம் கோளாறு கிட்னியில்தான் ஒளிந்திருக்கும். கண்டுகொள்ளாமல் விட்டால் கிட்னியே போய்விடும்.

இத்தனையிலும் கோபிநாத்தின் காதில் ஏறியது ஒன்றுதான். மகளின் பெயர் நோயாளி ரிஜிஸ்டரில் ஏறப்போகிறது. நாளைக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எருத்தேன்பதிக்கு வந்து விசாரித்தால்? மகளுக்கு இன்னும் கடைவாய்ப் பல் முளைத்து முடியவில்லை. அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் தயார் செய்துகொண்டிருந்தார்.

"மிசுனு சொல்றதையெல்லாம் நம்பாதீங்க சிஸ்டர். பதினெட்டு வருசமாப் பால் சங்கத்துல பால் சோதிக்கற மிசுனுக்கு முன்னாடி நிக்கறவனுங்க நான்."

அது உண்மை. அடைமழையில் ஊர்ப் பால் எல்லாம் தண்ணீராக இருக்கும்போதும், கோபிநாத்தின் பால் மட்டும் ரீடிங்கில் கெட்டியாக நிற்கும். அவர் மாடுகளுக்கு அப்படி ஒரு ரோஷம்.

அதன் பிறகு ஷீனா ஏழு தடவை போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. ஆனால் குறித்த நாளில், மகளுக்குத் தலை பின்னிப் பூ வைத்துக் கூட்டிவந்து, முதல் டோக்கனே வாங்கியிருந்தார். ஷீனாவுக்கு மனசு குளிர்ந்தது. தான் சொன்னது எங்கேயோ தைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அனுப்பிரியா கொட்டாவி விட்டபடி கையை நீட்டினாள். பட்டை இறுகித் தளர்ந்தது. நூற்றி நான்கு. நம்ப முடியாமல் ஷீனா இன்னொரு முறை பார்த்தாள். நூற்றி இரண்டு.

"பாத்தீங்ளா?" என்று கோபிநாத் காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "கிட்னியாமா, ஸ்கேனாமா. நார்மல்னு நல்லாப் பெருசா எழுதுங்க சிஸ்டர்."

ஷீனா எழுதினாள். இனி அடுத்த வருஷம் பார்த்தால் போதும். ஜில்லா ஆஸ்பத்திரிக்கு எழுதி வைத்திருந்த சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

வந்த கையோடு கோபிநாத் தன் அட்டையையும் நீட்டினார். இரண்டு வருஷமாக அவருக்கும் பிரஷர். மாதா மாதம் மாத்திரை இங்கேதான். அட்டைப்படி பழைய மாத்திரை தீர இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"ரெண்டு மாத்திரை கொறஞ்சுபோச்சுங்க. எலி இழுத்துட்டுப் போயிருச்சு."

"எலிக்கும் பிரஷரா, கோபியேட்டா?" என்றாள் ஷீனா. "அதுக்கும் மாமியா கொடுமையோ?"

பெண்கள் மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை ஷீனாவும் சேர்ந்து சிரித்தாள். நாற்காலியிலிருந்து எழுந்த அனுப்பிரியா மட்டும் தள்ளாடி, மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"எலி இல்லீங்க சிஸ்டர், நானுங்க. ரீடிங் நல்லா வரோணும்னு நாலு நாளாக் காத்தால அப்பாதான் பாதிப் பாதியா ஒடச்சுக் குடுத்தாரு."