குறி தவறிய கற்கள்

ரொட்டியை எடுத்த கையை அவள் பார்த்துவிட்டாள்.

கட்டைவிரலில் பாதி நகம் இல்லை.

அவளுடைய புருஷன் கை.

புருஷன் செத்துப்போனான் என்றுதான் ஊரே அவள் வீட்டில் கூடியிருந்தது. நடுவீட்டில் பிணம். ஊர் வருவதற்குள் சவத்துணியை முகமும் மறையும்படி தைத்து முடித்திருந்தாள். மார்மேல் ரொட்டி வைத்திருந்தாள். கிடப்பது தன் புருஷன் இதெல் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தாள்.

கிடப்பது இதெல் இல்லை.

இங்கிலாந்து ராஜாவை எதிர்த்து வேல்ஸ் மலைகளில் பத்து வருஷத்துக்கு மேல் நின்ற இளவரசர். தோற்ற பிறகும் யார் கையிலும் அகப்படாதவர். பனிக்காலம் முழுக்க இவர்களுடைய ஆட்டுக்கொட்டிலில், வைக்கோலுக்கு அடியில் படுத்திருந்தார். நேற்று முன்தினம் காய்ச்சலில் கண்ணை மூடினார்.

தெரிந்தால் அந்தத் தலையை ஈட்டியில் செருகி லண்டன் வாசலில் வைப்பார்கள். பக்கத்திலேயே இந்த வீட்டுத் தலைகளையும்.

பிணத்துக்கு ஒரு பெயர் வேண்டும்.

"என் பேரையே வெச்சிரு," என்றான் இதெல். "நான் செத்தவனா இருந்துட்டுப் போறேன்."

விடியுமுன் கிளம்பினான். இந்தப் பக்கம் இனி தலைகாட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனவன்.

இதோ நிற்கிறான்.

பாவந்தின்னியின் கந்தல் அங்கியில், முக்காட்டை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டு.

செத்தவர் மார்மேல் இருக்கும் ரொட்டியைப் பாவந்தின்னி தின்றுவிட்டால், செத்தவர் செய்த பாவமெல்லாம் அவனுக்குப் போய்விடும். எங்கிருந்தோ வருவான். தின்பான். போவான். யாரும் அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது. அதனால் அவள் பிணத்தின் தலைமாட்டில் தலைகுனிந்து இருந்தாள்; ஊர் மொத்தமும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றது.

கதவோரத்தில் நின்ற சிப்பாயைத் தவிர.

ராஜாவின் ஆள். இந்தப் பக்கம் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் வந்து நிற்பான். போன கோடையில் வரிக்கென்று இதே வாசலில் இதெல்லிடமிருந்து ஆட்டைப் பிடுங்கிக்கொண்டு போனவன். இதெல்லின் முகம் அவனுக்குத் தெரியும்.

"என்ன, எல்லாரும் சுவரைப் பார்த்து நிக்கிறீங்க? அங்கே கூத்தா நடக்குது?"

பக்கத்து வீட்டு டாங்வென் திரும்பாமலே பதில் சொன்னாள். "அவனைப் பார்த்தா பாவம் நம்மேல ஒட்டிக்கும் ஐயா. உங்களுக்கு ஏற்கெனவே நிறைய இருக்குமே."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

சிப்பாயும் சிரித்தான். ஆனாலும் கண்ணைத் தன் காலணிக்குத் தாழ்த்திக்கொண்டான்.

அவள் மனசுக்குள் கெஞ்சினாள். சீக்கிரம் தின்னு. தின்னுட்டுப் போயிடு. எதுக்கு வந்தே?

அவன் நிதானமாக மென்றான்.

இளவரசரின் போரில் எரிந்த ஊர்கள், வெந்த வீடுகள், எல்லாம் அந்த ரொட்டியில் இருந்தன. ஏதோ ஒரு பிச்சைக்காரன் தலையில் அதைக் கட்ட இவனுக்கு மனசு வரவில்லை. அவளுக்கு அது புரிந்தது. புரிந்த பிறகு பயம் கூடத்தான் செய்தது.

ரொட்டியோடு வைத்திருந்த பீரையும் குடித்து முடித்தான். இனி செத்தவரைப் பெயர் சொல்லி வழியனுப்ப வேண்டும். அது வழக்கம்.

வேண்டாம். வாயைத் திறக்காதே.

"இதெல்," என்றான் இதெல். "நீ நிம்மதியா தூங்கு. உன் பாரம் என்கிட்ட இருக்கு."

பிறந்ததிலிருந்து ஊர் கேட்ட குரல். மலையில் ஆட்டை அதட்டிய குரல். தேவாலயத்தில் எல்லோருக்கும் முந்தித் தப்பாகப் பாடிய குரல்.

டாங்வென்னின் கழுத்து விறைத்தது. வில்லாளி மாடோக்கின் தோள் ஒரு தரம் குலுங்கி அடங்கியது.

யாரும் திரும்பவில்லை.

வழக்கத்துக்கு மேலேயே கொஞ்ச நேரம், யாரும் திரும்பவில்லை.

தின்றவனைக் கல்லால் அடித்துத் துரத்த வேண்டும். அதுவும் வழக்கம்தான். அவன் வாசலைத் தாண்டியதும் ஊர் வெளியே பாய்ந்தது.

"ஓடுடா நாயே! திரும்பி வந்தே, காலை முறிச்சுடுவோம்!"

முதல் கல் வேலியில் விழுந்தது. அடுத்தது குட்டையில். ஓடுகிற மானை ஒரே அம்பில் சாய்க்கிற மாடோக் எறிந்தது, எங்கோ தள்ளி ஒரு மரத்தில்.

அவள் ஒவ்வொரு கல்லும் விழுந்த இடத்தைப் பார்த்தாள்.

எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

சிப்பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இந்தக் குறியை வெச்சுக்கிட்டா எங்க ராஜாவோட சண்டைக்கு வந்தீங்க?"

குனிந்து ஒரு கல்லை எடுத்தான். அவள் கையில் திணித்தான்.

"உன் புருஷன் பாவத்தைத் தின்னவன். நீ எறி, பார்க்கலாம்."

சிரிப்பு நின்றிருந்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாள்.

அது ஒன்றுதான் பட்டது.

இடது முழங்காலுக்குப் பின்னால். அவன் தடுமாறினான். திரும்பிப் பார்க்கவில்லை. காலை இழுத்துக்கொண்டே மேட்டில் ஏறி மறைந்தான்.

"பரவாயில்லையே," என்றான் சிப்பாய்.

கோடையில், கம்பளிச் சந்தையில், டாங்வென் அவளை ஒட்டி வந்து நின்றாள். ஏதோ ஒரு துணியைப் புரட்டிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"இளவரசர் சாகலையாம்டி. ஊருக்கு ஊர் இதே பேச்சு. வடக்கே மலைமேல போறதைக் கண்ணால கண்டவங்க இருக்காங்க. திரும்ப வருவாராம். நம்ம காலத்துல இல்லேன்னா நம்ம பிள்ளைங்க காலத்துல."

அவளும் ஒரு துணியைக் கையில் எடுத்தாள்.

"இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறாராம்."

இரண்டு சிப்பாய்கள் கடந்து போனார்கள். அவர்கள் முதுகு கூட்டத்தில் மறையும்வரை அவள் காத்திருந்தாள்.

பிறகு, உதடு அசையாமல் கேட்டாள்.

"இன்னும் வலிக்குதாமா?"