கிழித்த படம்

துகள் மோதல் ஆய்வகத்தில் குவார்க் என்னும் நுண்துகள்களை ஆராயும் கோதையும் தயாளனும், விவாகரத்து கிடைத்த அன்று, கல்யாணப் படத்தை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்தார்கள். இரண்டு குவார்க்குகளைப் பிரித்துத் தனியாக்க முடியாது, இழுக்கும் ஆற்றலிலிருந்தே நடுவில் புது ஜோடி பிறந்து பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிடும் என்று தினமும் திரையில் பார்ப்பவர்கள்தான். இது காகிதம்தானே என்று நினைத்துவிட்டார்கள். படம் கிழிந்தது. கோதையின் பாதியில் அவளை ஒட்டி யாரோ ஒருவன் நின்றான்.

"தயா, யாருப்பா இது?"

தயாளன் தன் பாதியைத் திருப்பிக் காட்டினான். அவனருகே முன்பின் தெரியாத ஒரு பெண்.

"இன்னொரு தடவ கிழிச்சுப் பாக்கட்டுமா?" என்றான்.

"ஐயோ, வேண்டாம்! கைய எடு!"

புதிதாக வந்த இருவரும் மணமக்களைப் பார்க்கவே இல்லை. கிழிந்த ஓரத்தின் இருபுறமும் ஒருவரை நோக்கி ஒருவர் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.