சீமை பிஸ்டன்

"நம்பரைக் காட்டு" என்றார் துரை.

அவருடைய பழைய பந்தயக் காருக்குச் சீமையில் செய்த பிஸ்டன்தான் வேண்டும். பக்கத்து ஊரான ஹட்டனில், பட்டறையில் வார்த்த நகல் கூடாது.

தேயிலைத் தோட்டத்து மெக்கானிக் அமிர்தநாதன் பிஸ்டனை நீட்டினான். துரை அதில் பொறித்திருந்த நம்பரை இரண்டு தரம் படித்தார்.

"ரெண்டும் ஒரே எடைதாங்க தொரை."

"எடை இல்லே. எங்க பொறந்திச்சு, அதுதான் பெரிசு."

மாட்டினான். என்ஜின் உறுமியது.

"கேட்டியா? சீமைச் சத்தம்."

"ஆமாங்க தொரை."

சீமை பிஸ்டன் பெட்டியைப் பிரிக்கும்போதே விரிசல் விட்டிருந்தது. அடுத்த கப்பல் வருவதற்குள் பந்தயம் முடிந்துவிடும். இப்போது ஓடுவது ஹட்டனில் அவன் வார்த்தது. நம்பரையும் அவனே தட்டிப் பொறித்திருந்தான்.

துரை பங்களாவுக்குள் போனதும், காலையில் வந்த கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மறுபடி பார்த்தான். மூன்றே வரி. இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி இல்லாததால் அவனுடைய பிரஜாவுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

தொழிலாளர் வரிசை வீடுகளில் அவன் பிறந்த லயக் காம்பரா அங்கிருந்தே தெரிந்தது. அதைப் பார்த்தபடி, நம்பர் தட்டிய உளியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான்.