ஏழு வெள்ளைப் புள்ளிகள்

கோட்டு நுனியால் புள்ளிகளைத் துடைத்தாள் கண்ணாடியக்கா. ஏழு பாட்டில், ஏழு புள்ளி. யாரும் பார்க்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக மருந்து பாட்டில்களை விளக்கில் பிடித்து விரிசல் பார்ப்பவள். விரிசல் கண்டால் சாக்பீஸால் ஒரு புள்ளி வைப்பாள். அது கழிவுப் பெட்டிக்குப் போய்விடும்.

அந்தப் புள்ளி வைத்த பாட்டில்களைப் படம் பிடித்துத்தான் மூன்று மாதமாகப் புது மெஷினுக்குப் பாடம் நடத்தினார்கள்.

போன வாரம் கை தவறி ஒரு நல்ல பாட்டிலில் சாக்பீஸ் பட்டுவிட்டது. மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டது! அடப்பாவி, நீ விரிசலைப் படிக்கவே இல்லையா, என் புள்ளியைத்தான் படித்தாயா என்று வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இன்று பரீட்சை. அவள் பார்த்து, எந்த ஏழு கழிவு என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்ட அதே நூறு பாட்டிலை மெஷினும் பார்க்கும். அது தேறினால் அவளுக்கு வேலை இல்லை. வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

மெஷினைச் செய்த இன்ஜினியர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். அது தேறாவிட்டால் அவர் பிழைப்பும் போச்சு.

பாட்டில்கள் நகர்ந்தன. பச்சை. பச்சை. பச்சை. எண்ணினாள். நூறும் பச்சை.

தொலைந்தது சனியன் என்று நிமிர்ந்தாள்.

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார்.

“நூறும் நல்லதுன்னு சொல்லுது. நீங்க ஏழு பாட்டிலைக் கழிச்சிருக்கீங்க! இத்தனை வருஷமா எத்தனை நல்ல பாட்டிலைக் குப்பையில போட்டீங்களோ!”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான்.

நூறையும் மருந்து நிரப்ப அனுப்பச் சொல்லிவிட்டு, முதலாளிக்குப் போன் போட ஜன்னல் பக்கம் போனார் மேனேஜர்.

இருமல் மருந்து சூடாக விழுந்தால் அந்த ஏழும் சில்லு விடும். எந்த வீட்டுக் குழந்தையின் தொண்டையில் இறங்குமோ. உண்மையைச் சொன்னால் புள்ளியை அழித்த கதையும் சந்திக்கு வரும்.

பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. பாட்டில்களை ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்தாள். சாக்பீஸை எடுத்தாள். ஏழு புள்ளி.

“இன்னொரு வாட்டி விடுங்க சார்,” என்றாள் இன்ஜினியரிடம்.

சிவப்பு விளக்கு ஏழு தடவை எரிந்தது.

போனும் கையுமாக ஓடிவந்தார் மேனேஜர். “அட, அக்கா கழிச்ச அதே ஏழு! ரெண்டாவது தடவையிலேயே கத்துக்கிச்சு பாருங்க!” என்று கை தட்டினார்.

இன்ஜினியர் தட்டவில்லை. அவளுடைய வெள்ளை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு குனிந்து, தாளில் ‘தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.