காலிப் பையில் ஒரு சொட்டு

வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிப்போய், ஒருவரின் சிறுநீரகங்கள் திடீரென்று வேலையை நிறுத்திவிட்டன. கட்டிலடியில் தொங்கிய மூத்திரப் பையில் ஒரு சொட்டுகூட இல்லை. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் தடுமாறியதும், டயாலிசிஸ் இயந்திரம் தடதடவென்று உருண்டு வந்தது.

"இனிமே எல்லாம் நான்தான். உனக்கு இங்க என்னடா வேலை?" என்று பையைக் கேட்டது.

பைக்குச் சுருக்கென்றது. ஆனால் இதயம் சீராகத் துடிக்கத் தொடங்கியதும் அந்தக் கோபமெல்லாம் பறந்துவிட்டது.

அடுத்த வாரம் ஒரு காலையில், குழாய்க்குள் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது.

"அண்ணே, சொட்டு! இதோ இன்னொண்ணு! சிறுநீரகம் முழிச்சிக்கிச்சு!" என்று பை துள்ளியது.

"கத்தாதடா! டாக்டர் வர்றாரு. தெரிஞ்சா என்னை அனுப்பிடுவாரு" என்று இயந்திரம் பதறியது.

"நான் வாயே திறக்க மாட்டேன் அண்ணே" என்றது பை, ததும்பத் ததும்ப நிறைந்தபடி.