பதினெட்டாம் நாள் தக்காளி

குளிரறையின் குழல்விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. மெழுகு பூசினால் தக்காளி எத்தனை நாள் பழுக்காமல் தாங்கும் என்பது அவளுடைய ஆய்வு. இருபத்தொரு நாள் பச்சையாக இருக்க வேண்டியவை பதினெட்டாம் நாளே கன்னம் சிவந்து கிடக்கின்றன. பூசிய தட்டும் சிவப்பு, பூசாத தட்டும் சிவப்பு. ஒன்றை எடுத்து அழுத்துகிறாள், விரல் பதிகிறது. வைக்கிறாள், இன்னொன்றை எடுக்கிறாள், அதையும் வைக்கிறாள். கை ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. “யாரோ உள்ள பழம் வச்சிருக்காங்க. பழுத்தது ஒண்ணு இருந்தா போதும், அதோட வாசமே மத்த எல்லாத்தையும் பழுக்க வச்சிடும்னு எத்தனை தடவை சொல்றது?” வாசலில் துடைப்பத்தோடு நிற்கும் துப்புரவு அக்காவின் முகம் சுண்டிப்போகிறது. “சத்தியமா நான் இல்ல மேடம். நான் இந்த வாசப்படியத் தாண்டுனதே இல்ல.” அவள் காதில் வாங்காமல் அடுக்குகளைக் குடைகிறாள். கடைசித் தட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் துணிப்பை. அவளுடையதுதான். நாலு நாளைக்கு முன், எடை போடும் அவசரத்தில் இறக்கிவைத்தது. உள்ளே ஓர் ஆப்பிள், தோல் சுருங்கி, குப்பென்று மணக்கிறது. அதன் மேல் மகள் பேனாவால் வரைந்துவிட்ட இரண்டு கண், ஒரு சிரிப்பு. “சாப்பிட்டியாம்மா?” என்று அன்று மாலை மகள் கேட்டதும், “ஓ, அப்பவே” என்று தான் சொன்னதும் காதில் கேட்கின்றன. “கெடச்சுதா மேடம்?” அக்கா எட்டிப் பார்க்கிறாள். ஆப்பிளோடு முதுகுக்குப் பின்னால் போய்விட்ட கை, காலையிலிருந்து முதல்முறையாக, அசையாமல் இருக்கிறது.