கூண்டுக்குள் புல்

மேய்ச்சல் நிலப் பாதுகாப்புத் திட்டத்தில் பாவாத்தாள் சேர்ந்த அன்று, அலுவலர் வந்து அவள் மாடுகள் மேயும் கொறங்காட்டின் நடுவில் ஒரு கம்பிக்கூண்டைக் கவிழ்த்து வைத்தார். மாட்டின் வாய் படாத புல் எவ்வளவு வளர்கிறது என்று பார்க்கத்தானாம். "பத்திரமாப் பாத்துக்குங்கம்மா. இதை வெச்சுத்தான் உங்க காட்டையே அளப்போம்."

ஐப்பசியும் பொய்த்தது, கார்த்திகையும் பொய்த்தது. காடு முழுக்கக் கொழுக்கட்டைப் புல் தூரோடு கருகியது. கூண்டுக்குள்ளும் வாடத் தொடங்கியதும் பாவாத்தாள் பதறிப்போனாள். மாட்டுத் தொட்டிக்குச் சுமந்துவரும் தண்ணீரில் தினமும் ஒரு குடத்தைக் கூண்டுக்குள் ஊற்றினாள். இரண்டு மாடுகளும் கம்பி இடுக்கில் நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டன.

தை மாதம் அலுவலர் திரும்ப வந்தார். கூண்டைத் தூக்கி, புல்லை அறுத்து, எடைபோட்டு எழுதிக்கொண்டார்.

"அருமையா வளந்திருக்குதும்மா."

"ஏனுங்க, வறட்சின்னு மாட்டுக்குத் தீவனம் குடுக்கறாங்களாமா. எங்களுக்கு எப்ப வருமுங்க?"

அவர் தாளைப் பார்த்தார். விலா எலும்பு தெரியப் படுத்திருந்த மாடுகளைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"உங்க காட்டுலதான் வறட்சியே இல்லையேம்மா."

கூண்டை அதே இடத்தில் கவிழ்த்துவிட்டுப் போனார். மறுநாள் காலை பாவாத்தாள் குடத்தோடு வந்து அதன் பக்கத்தில் நின்றாள். அறுத்த தூர்கள் உள்ளே இன்னும் பச்சையாக இருந்தன. ஊற்றினால் வறட்சி இல்லை. ஊற்றாவிட்டால் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவில்லை. மாடுகள் மெல்ல எழுந்து வந்து அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றன. வெயில் ஏறியது. குடம் இடுப்பிலேயே இருந்தது.